லேப்ல தங்க நானோ பார்ட்டிகிள் பண்றது எப்படி, கூடவே வெள்ளியும்

தங்க நானோ பார்ட்டிகிள் சிந்தசிஸ்னு சொன்னா ரெசிபி ஒரே வரிதான், கொதிக்கிற கோல்ட் குளோரைடு கரைசல்ல சிட்ரேட்ட ஊத்துங்க, சிவப்பாகுற வரைக்கும் கொதிக்க விடுங்க, அவ்ளோதான். 1951ல டர்கெவிச்சும் அவர் கூட இருந்தவங்களும் இத விவரமா எழுதினாங்க, 1973ல ஃப்ரென்ஸ் சிட்ரேட் அளவ மாத்தினா சைஸ் மாறும்னு காட்டினாரு, இன்னிக்கும் நானோ லேப்ல புதுசா சேர்றவங்க முதல்ல பண்றது இததான். ஆனா அதே ரெசிபில ஒருத்தருக்கு மாணிக்கச் சிவப்புல தெளிவா வரும், பக்கத்து பெஞ்ச்ல இருக்கிறவருக்கு கருநீலமா வந்து மறுநாள் காலைல அடில கருப்பா படிஞ்சு கிடக்கும். ரெண்டு பேரும் அதே பாட்டில்ல இருந்துதான் கெமிக்கல் எடுத்திருப்பாங்க. வித்தியாசம் பெரும்பாலும் ஃப்ளாஸ்க் எவ்ளோ சுத்தம், தண்ணி எவ்ளோ சுத்தம், சிட்ரேட்ட எவ்ளோ வேகமா ஊத்தினீங்க இந்த மூணுலதான் இருக்கு, அதனால நான் கொதிக்க வைக்கிறத விட அதுக்கு முன்னாடி பண்ற வேலைய பத்தி கொஞ்சம் அதிகமாவே எழுதப்போறேன், பொறுமையா படிங்க.

நாம பண்ணப்போறது 13 நானோமீட்டர் சைஸ் தங்கம். 1 மில்லிமோலார் குளோரோ ஆரிக் ஆசிட் (மேல கோல்ட் குளோரைடுன்னு சொன்னது இததான்) 100 மில்லி, 38.8 மில்லிமோலார் ட்ரை சோடியம் சிட்ரேட் 10 மில்லி, இதான் அளவு.

முதல்ல கண்ணாடி சாமான். ஃப்ளாஸ்க் கண்ணுக்கு பளிச்சுன்னுதான் தெரியும், ஆனா போன தடவை யாரோ பண்ணினதுல மிச்சமான தங்கம் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், சோப் போட்டு தேய்ச்சாலும் அது போகாது, நீங்க புதுசா ரியாக்ஷன் ஆரம்பிச்சதும் அந்தத் துணுக்கு மேலயே புது தங்கம் போய் உக்காந்து தாறுமாறா வளர ஆரம்பிச்சிடும். அதுக்குத்தான் அக்வா ரீஜியா, நம்ம ஸ்கூல் புக்ல ராஜ திராவகம்னு படிச்சோமே அதே. ஹைட்ரோகுளோரிக் மூணு பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக்க முதல்ல எடுத்துட்டு அதுல நைட்ரிக்க மெதுவா சேர்க்கணும். 250 மில்லி ஃப்ளாஸ்க்குக்கு 30 மில்லியும் 10 மில்லியுமா மொத்தம் 40 மில்லி கலந்தா தாராளமா போதும், முழுசா நிரப்பத் தேவையே இல்ல, உள்பக்கம் முழுக்க படுற மாதிரி சுழட்டி சுழட்டி ஒரு 15 நிமிஷம் விட்டா சரி. ஸ்டிர் பண்ற மேக்னட்டிக் பீட், கண்டென்சரோட கீழ் ஜாயிண்ட், சிட்ரேட் கரைக்கிற பீக்கர் எல்லாத்தையும் இதுலயே கழுவுங்க, ஏன்னா நிறைய பேர் ஃப்ளாஸ்க்க மட்டும் கழுவிட்டு பழைய பீட்ட அப்படியே போட்டுடுவாங்க, டெஃப்லான் மேல இருக்கிற கீறல்ல தங்கம் நல்லா ஒளிஞ்சுக்கும். பீட்ல லேசா ஊதா கறையோ கருப்போ தெரிஞ்சா அது போற வரைக்கும் ஊற வைங்க, போகலன்னா தூக்கி போட்டுட்டு புது பீட் எடுங்க.

இது விளையாட்டு ஆசிட் கிடையாது, அதனால நாலு விஷயம் அழுத்தி சொல்லிடறேன். ஃப்யூம் ஹூட்டுக்கு (புகைய வெளிய இழுக்குற லேப் அறைப்பெட்டி) வெளிய கலக்கவே கூடாது, குளோரினும் நைட்ரோசில் குளோரைடும் வந்துக்கிட்டே இருக்கும். கழுவப்போற ஃப்ளாஸ்க்ல அசிட்டோன், எத்தனால் மாதிரி எதுவும் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது, ஆர்கானிக் சால்வென்ட்டும் ராஜ திராவகமும் சேர்ந்தா வெடிக்கும், அவசரத்துல அசிட்டோன் ஊத்தி காய வெச்ச ஃப்ளாஸ்க்க அப்படியே கொண்டு வந்துடாதீங்க. அப்புறம் இத கலந்து பாட்டில்ல மூடி வைக்கிற பழக்கமே வேண்டாம், கேஸ் சேர்ந்து பாட்டில் தெறிச்சுடும், தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் கலக்குங்க. ஃபேஸ் ஷீல்டு, ஏப்ரன், கெட்டியான ஆசிட் க்ளவுஸ் கட்டாயம், மெல்லிசா இருக்கிற நைட்ரைல் க்ளவுஸ் கான்சன்ட்ரேட்டட் நைட்ரிக் முன்னாடி நிக்காது. வேலை முடிஞ்சதும் நிறைய ஐஸ் தண்ணில மெதுவா ஊத்தி நீர்த்துப்போக வெச்சு, அப்புறம் சோடியம் பைகார்பனேட் கொஞ்சம் கொஞ்சமா போட்டு நியூட்ரல் பண்ணுங்க, பொங்கும், அதனால பெரிய பீக்கரா எடுத்துக்கோங்க. ஃப்ளாஸ்க்க டிஐ வாட்டர்ல (அயன் நீக்கின தண்ணி) அலசிக்கிட்டே இருங்க, கழுவுற தண்ணிய பிஎச் பேப்பர்ல தொட்டு பாத்தா நியூட்ரலா காட்டணும், அதுக்கு முன்னாடி நிறுத்தாதீங்க.

வெள்ளி பண்றவங்களுக்கு இந்த இடத்துலயே ஒண்ணு சொல்லணும். வெள்ளிக்கு எடுக்கிற கண்ணாடிய ராஜ திராவகத்துல கழுவாதீங்க, நைட்ரிக் ஆசிட்ல மட்டும் கழுவுங்க. ராஜ திராவகத்துல குளோரைடு இருக்கு, சரியா அலசாம மிச்சம் இருந்துச்சுன்னா சில்வர் நைட்ரேட் ஊத்தின உடனே சில்வர் குளோரைடு வெள்ளையா மங்கலா வந்து நிக்கும், நிறைய பேர் அத பாத்துட்டு கெமிக்கல் சரியில்லன்னு பாட்டில திட்டுவாங்க.

தண்ணி 18.2 மெகா ஓம் செமீ ரெசிஸ்டிவிட்டி காட்ற அல்ட்ரா ப்யூர் வாட்டரா இருக்கணும், அதையும் அன்னிக்கே பிடிச்சதா எடுங்க. பிளாஸ்டிக் கேன்ல பிடிச்சு ஒரு வாரமா வெச்சிருக்கிற தண்ணில என்ன கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஏன் இவ்ளோ கெடுபிடின்னா, இந்த பார்ட்டிகிள்ஸ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தண்ணில நிக்கிறதுக்கு ஒரே காரணம் மேல ஒட்டியிருக்கிற சிட்ரேட்டோட நெகட்டிவ் சார்ஜ்தான், தண்ணில உப்பு ஏறினா அந்த சார்ஜோட விலக்குற சக்தி குறைஞ்சு எல்லாம் கட்டிப்போயிடும்.

அடுத்து தங்க உப்பு. குளோரோ ஆரிக் ஆசிட் ட்ரைஹைட்ரேட், மாலிக்யூலர் வெயிட் 393.83, ஆரஞ்சு மஞ்சள் கலர்ல கிரிஸ்டலா இருக்கும், பாட்டில திறந்தா போதும் காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து பிசுபிசுன்னு ஆகிடும், பேலன்ஸ்ல எடை போடும்போதே நம்பர் ஏறிக்கிட்டு போறத பாக்கலாம். அதனால ஒவ்வொரு தடவையும் 39.4 மில்லிகிராம் எடை போட்டு திண்டாடாதீங்க. 1 கிராம் ஆம்பியூல் வாங்கி மொத்தத்தையும் ஒரே தடவை 25.4 மில்லி தண்ணில கரைச்சுடுங்க, 100 மில்லிமோலார் ஸ்டாக் ரெடி, அதுல 1 மில்லி எடுத்து 99 மில்லி தண்ணில போட்டா 1 மில்லிமோலார். ஸ்டாக்க ஆம்பர் கண்ணாடி பாட்டில்ல ஊத்தி, டெஃப்லான் லைனர் இருக்கிற மூடி போட்டு, மேல அலுமினியம் ஃபாயில் சுத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஃபாயில் வெளிய மட்டும்தான், கரைசல் மெட்டல் மேல படவே கூடாது. ஸ்டீல் ஸ்பாட்டுலா, சிரிஞ்ச் ஊசி இதெல்லாம் வேண்டாம், ஸ்டீல் தொட்டா தங்கம் அங்கயே ரெட்யூஸ் ஆகி ஊசி கருத்துப்போகும், உங்க கான்சன்ட்ரேஷனும் போச்சு. மைக்ரோ பிப்பெட்டோட பிளாஸ்டிக் டிப், பிளாஸ்டிக் இல்லன்னா டெஃப்லான் ஸ்பாட்டுலா போதும். கைல பட்டா தோல்ல ஊதா கறை விழும், சில நாளுக்கு போகாது.

ட்ரை சோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட், 294.10. 1.14 கிராம் எடுத்து 100 மில்லில கரைச்சா 38.8 மில்லிமோலார். இத அன்னிக்கே பண்ணுங்க, ரூம் டெம்பரேச்சர்ல பழைய சிட்ரேட் கரைசல் வெச்சிருந்தா அதுல பூஞ்சை நல்லா வளரும், பாட்டில ஆட்டி பாத்தா நூல் நூலா மிதக்கும்.

இப்போ சமாச்சாரத்துக்கு வருவோம். 250 மில்லி ரவுண்ட் பாட்டம் ஃப்ளாஸ்க், ரெண்டு கழுத்து இருந்தா வசதி, ஒண்ணுல கண்டென்சர், இன்னொண்ணுல ஸ்டாப்பர். 100 மில்லி தங்கக் கரைசல், பீட், ஆயில் பாத் இல்லன்னா ஸ்டிர்ரரோட இருக்கிற ஹீட்டிங் மேன்டில். நல்ல வேகத்துல ஸ்டிர் ஆகணும், நடுவுல சுழி விழுந்து தெரியணும், ஆனா பீட் குதிக்கக் கூடாது. கண்டென்சர்ல இருந்து சொட்டு சீரா திரும்பி விழ ஆரம்பிச்சு ஒரு சில நிமிஷம் போகட்டும், நிறைய பேர் முதல் குமிழி வந்ததுமே ஊத்திடறாங்க, அது முழு கொதி கிடையாது. அந்த சமயத்துல ஸ்டாப்பர கழட்டி 10 மில்லி சிட்ரேட்டையும் ஒரே மூச்சுல ஊத்துங்க. சொட்டு சொட்டா விடக்கூடாது, பிப்பெட்ல ரெண்டு மூணு தடவையா எடுத்து விடறதும் வேண்டாம், சின்ன பீக்கர்லயோ சிலிண்டர்லயோ அளந்து வெச்சுக்கிட்டு கவுத்துடுங்க. சிட்ரேட்ட கொஞ்சம் சூடு பண்ணி வெச்சிருந்தா கொதி அடங்காம இருக்கும், அது நல்லது.

அப்புறம் கண்ண எடுக்காம பாருங்க, பின்னாடி ஒரு வெள்ளை பேப்பர் வெச்சுக்கோங்க. முதல்ல அந்த மஞ்சள் கலர் அப்படியே காணாம போகும், தண்ணி மாதிரி ஆயிடும், புதுசா பண்றவங்க இங்கதான் பதறுவாங்க. கொஞ்ச நேரத்துல லேசா சாம்பல் படரும், அப்புறம் திடீர்னு கருநீலம், இங்க் ஊத்தின மாதிரி, அதுல இருந்து ஊதா, ஊதால இருந்து கத்தரிப்பூ கலர் வெளுத்து சிவப்பு தலைகாட்டும், கடைசில ஆழமான மாணிக்கச் சிவப்பு. மொத்தமும் சில நிமிஷத்துல முடிஞ்சுடும். சிவப்பு வந்துருச்சேன்னு உடனே ஹீட்டர ஆஃப் பண்ணாதீங்க, 15 நிமிஷம் ரிஃப்ளக்ஸ் (ஆவி கண்டென்சர்ல குளிர்ந்து திரும்பி விழுற மாதிரி கொதிக்கிறது) ஓடட்டும், அப்புறம் சூட்ட எடுத்துட்டு ஸ்டிர்ரர மட்டும் ஓட விட்டு ரூம் டெம்பரேச்சருக்கு தானா ஆற விடுங்க. ஆறினதும் 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி சுத்தமான கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வைங்க.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா ஏன் ஒரே மூச்சுல ஊத்தச் சொல்றேன்னு புரியும். சிட்ரேட் இங்க மூணு வேலை பாக்குது. தங்க அயனுக்கு எலக்ட்ரான் குடுத்து உலோகமா மாத்துது, அப்படி மாத்தும்போது அதுவே ஆக்சிடைஸ் ஆகி அசிட்டோன் டைகார்பாக்சிலேட் ஆகுது, அதுவும் சேர்ந்து ரெட்யூஸ் பண்ணும். ரெண்டாவது, உருவான பார்ட்டிகிள் மேல போய் ஒட்டி ஒண்ணோட ஒண்ணு சேராம தடுக்குது. மூணாவது வேலைய நிறைய பேர் மறந்துடறாங்க, அது பிஎச்ச ஏத்துது. தங்க உப்பு தனியா இருக்கும்போது கரைசல் நல்ல ஆசிட், அந்த நிலைல தங்கம் குளோரைடோட சேர்ந்து ரொம்ப சுறுசுறுப்பா இருக்கும், பிஎச் ஏற ஏற குளோரைடு இடத்துல ஹைட்ராக்சைடு வந்து உக்காரும், அந்த ரூபத்துல தங்கம் மந்தமா ரெட்யூஸ் ஆகும். அதனால ஆரம்பத்துல ஒரு சின்ன இடைவெளில மட்டும் விதைகள் (முதல்ல உருவாகுற குட்டித் தங்கத் துணுக்குகள்) சடசடன்னு பிறக்கும், அப்புறம் புது விதை பிறக்கிறது நின்னு இருக்கிற விதைகள் மட்டும் நிதானமா வளரும். எல்லாம் ஒரே நேரத்துல பிறந்தாத்தான் எல்லாம் ஒரே சைஸ்ல முடியும். சொட்டு சொட்டா விட்டீங்கன்னா முதல் சொட்டுல பிறந்தது ஒரு சைஸ், கடைசி சொட்டுல பிறந்தது வேற சைஸ்.

சைஸ் மாத்தணுமா, சிட்ரேட்ட குறைங்க. ஃப்ரென்ஸோட அளவு இப்படி போகும்: 0.01 சதவீத தங்கக் கரைசல் 50 மில்லி கொதிக்கும்போது 1 சதவீத சிட்ரேட் 1 மில்லி ஊத்தினா சுமார் 16 நானோமீட்டர், 0.75 மில்லிக்கு 24.5, 0.5 மில்லிக்கு 41, 0.3 மில்லிக்கு 71.5. சிட்ரேட் குறைஞ்சா விதை குறையும், இருக்கிற தங்கம் குறைஞ்ச விதை மேல பங்கு பிரியும், அதனால ஒவ்வொண்ணும் பெருசாகும். பேப்பர்ல இது 147 வரைக்கும் போகுது, ஆனா என்னோட கருத்து, 40 தாண்டி இந்த வழில போகாதீங்க, வடிவம் உருண்டையா இருக்காது, சைஸும் பரவிடும். பெருசா வேணும்னா 13 நானோமீட்டர விதையா வெச்சு, சுமார் 90 டிகிரில, தங்கமும் சிட்ரேட்டும் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து படிப்படியா வளர்க்கிறதுதான் நல்ல வழி, அதுல 100 தாண்டியும் ஒழுங்கான உருண்டைகள் கிடைக்கும். இன்னும் சின்னதா, ஒரே சீரா வேணும்னா ஆர்டர மாத்திப் பாருங்க, சிட்ரேட்ட கொதிக்க வெச்சு அதுல தங்கத்த ஊத்துங்க, அவ்ளோதான் மாத்தம், ஆனா சைஸ் குறையும். 1லிருந்து 3 நானோமீட்டர் அளவுல, டொலுயின் மாதிரி சால்வென்ட்ல கரையுற மாதிரி வேணும்னா அது வேற கதை, 1994ல வந்த ப்ரஸ்ட் ஷிஃப்ரின் முறை, தயோலும் போரோஹைட்ரைடும் போட்டு பண்றது, அத தனியாத்தான் எழுதணும்.

இப்போ பண்ணினது சரியா வந்துச்சான்னு எப்படி தெரியும்? யூவி விஸ் (எந்த வேவ்லெங்த் வெளிச்சத்த எவ்ளோ உறிஞ்சுதுன்னு அளக்கிறது) எடுங்க, அதுவே பாதி கதைய சொல்லிடும். ஆனா அப்படியே க்யூவெட்ல (அளக்கிற சின்ன சதுரக் குப்பி) ஊத்தாதீங்க, ரொம்ப டார்க்கா இருக்கும், நாலு மடங்கு நீர்த்துப்போக வைங்க, அதுவும் வெறும் தண்ணில இல்லாம ரொம்ப லைட்டான சிட்ரேட் கரைசல்ல நீர்த்தா பத்திரம். 13 நானோமீட்டருக்கு பீக் 518ல இருந்து 520 நானோமீட்டர் வேவ்லெங்த்ல இருக்கும், 40க்கு 530 பக்கம் போகும், 100க்கு 570 பக்கம். தங்கத்துல இருக்கிற எலக்ட்ரான்கள் வெளிச்சத்தோட சேர்ந்து ஆடறதாலதான் அந்த பச்சை பகுதி உறிஞ்சப்படுது, நமக்கு சிவப்பா தெரியுது, பார்ட்டிகிள்ஸ் நெருங்கி ஒட்ட ஆரம்பிச்சா அந்த பீக் நீளமான வேவ்லெங்த் பக்கம் நகர்ந்து நீலமா தெரியும். அதனால பீக் இடத்த மட்டும் பாக்காம 650க்கு மேல கோடு தரையோட படுத்திருக்கான்னு பாருங்க, அங்க தூக்கிக்கிட்டு இருந்தா கட்டிப்போக ஆரம்பிச்சாச்சு.

நிறைய பேர் பண்ணாம விடற ஒரு செக் 400 நானோமீட்டர்ல அப்சார்பன்ஸ். 1 செமீ க்யூவெட்ல 0.5 மில்லிமோலார் உலோகத் தங்கத்துக்கு அங்க சுமார் 1.2 வரும். நம்ம கரைசல் சிட்ரேட் ஊத்தினதும் 110 மில்லி ஆயிடுது, அப்போ தங்கம் 0.91 மில்லிமோலார், முழுசா ரெட்யூஸ் ஆகியிருந்தா 2.2 பக்கம் இருக்கணும், நாலு மடங்கு நீர்த்தா 0.55. உங்களுக்கு 0.4 வந்துச்சுன்னா ஒண்ணு தங்கம் மிச்சம் இருக்கு, இல்ல சுவர்ல படிஞ்சு போச்சு, இல்ல ஸ்டாக் கான்சன்ட்ரேஷனே தப்பு. கலர் அழகா இருக்குன்னு மட்டும் நம்பினா இது தெரியவே தெரியாது. இதே கணக்க இன்னும் கொஞ்சம் நீட்டினா, 13 நானோமீட்டர் உருண்டை ஒண்ணுல சுமார் 68,000 தங்க அணு, அதால வகுத்தா கரைசல்ல 13 நானோமோலார் பார்ட்டிகிள்ஸ், ஒரு மில்லில சுமார் 8 லட்சம் கோடி. டிஎன்ஏவோ ஆன்டிபாடியோ ஒட்டப்போறவங்களுக்கு இந்த நம்பர்தான் அடிப்படை, இத போட்டு வெச்சுக்கோங்க.

டிஎல்எஸ் (லேசர் ஒளிச் சிதறல வெச்சு சைஸ் அளக்கிறது) எடுத்தா டெம்ல (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) வர்றத விட பெருசா காட்டும், 13க்கு 16, 18, 20 கூட வரலாம், பயப்பட வேண்டாம், அது தண்ணில நகர்ற வேகத்த வெச்சு கணக்கு போடுது, மேல ஒட்டியிருக்கிற லேயரையும் சேர்த்துத்தான். ஆனா சிதறல் விட்டத்தோட ஆறாம் அடுக்குல ஏறுறதால கரைசல்ல நாலு தூசி இருந்தாலும் அதோட சத்தம்தான் பெருசா கேக்கும், வடிகட்டிட்டு போடுங்க. சைஸ் எவ்ளோன்னு யாராவது கேட்டா பதில் டெம்ல எண்ணினதா இருக்கணும், 20 பார்ட்டிகிள் எண்ணிட்டு நிறுத்தாம ஒரு 200 எண்ணுங்க.

சரியா வரலன்னா எங்க தேடறதுன்னு பாப்போம். ஊதால நின்னுடுச்சு, சிவப்புக்கு வரவே இல்ல: கொதி பத்தல, இல்லன்னா சிட்ரேட் கம்மி. சுவர்ல கண்ணாடி மாதிரி தங்கம் பூசிக்கிச்சு: கண்ணாடி சுத்தமில்ல, ராஜ திராவகத்த தவிர வேற வழி இல்ல. சிவப்பா வந்துட்டு ஆறும்போது நீலமாச்சு: எங்கயோ உப்பு, இல்லன்னா சோப் மிச்சம். மஞ்சளாவே இருக்கு, எதுவும் நடக்கல: சிட்ரேட் பாட்டிலோட லேபிள மறுபடி படிங்க, சிட்ரிக் ஆசிட்ட எடுத்துட்டு வந்திருப்பீங்க.

வெள்ளிக்கு சிட்ரேட்ட விட போரோஹைட்ரைடு முறை எனக்கு பிடிக்கும், சூடு வேண்டாம், அரை மணில முடியும். 2 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடு 30 மில்லி எடுத்து கோனிகல் ஃப்ளாஸ்க்ல ஊத்தி ஐஸ் பாத்ல வெச்சு ஸ்டிர் பண்ணிக்கிட்டே நல்லா குளிர விடுங்க, 20 நிமிஷம் ஆகட்டும். இந்த போரோஹைட்ரைடு தண்ணில போட்டதும் கொஞ்சம் கொஞ்சமா ஹைட்ரஜனா போய்க்கிட்டே இருக்கும், அதனால ஐஸ் தண்ணில அப்பவே கரைச்சு அப்பவே எடுக்கணும், பாட்டில இறுக்கி மூடக் கூடாது, நேத்து கரைச்சது இன்னிக்கு வேலைக்கு ஆகாது. 100 மில்லிக்கு 7.6 மில்லிகிராம்தான் வேணும், அவ்ளோ கம்மியா எடை போடறது கஷ்டம்னா கெட்டியா கரைச்சு உடனே நீர்த்துக்கோங்க. இன்னொரு பக்கம் 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 10 மில்லி, ப்யூரெட்ல எடுத்து செகண்டுக்கு ஒரு சொட்டு கணக்கா விடுங்க. தங்கத்துக்கு சொன்னதுக்கு இது நேர் எதிர், இங்க சொட்டு சொட்டாத்தான். போரோஹைட்ரைடு எப்பவும் அதிகமா இருக்கணும், மேல ஒட்டி சார்ஜ் குடுத்து நிறுத்தி வைக்கிறதும் அதுதான். 2 மில்லி போனதும் இளமஞ்சள் தெரியும், முழுசும் போனதும் பளிச்சுன்னு எலுமிச்சை மஞ்சள்.

அந்த நொடில ஸ்டிர்ரர நிறுத்திடுங்க, பீட்டையும் வெளிய எடுங்க. தொடர்ந்து ஸ்டிர் பண்ணா மஞ்சள் கருத்து, ஊதா ஆகி, சாம்பலாகி அடில படிஞ்சிடும். பீக் 400 நானோமீட்டர் பக்கம், சைஸ் 12 பக்கம் இருக்கும். நாள் கணக்குல வைக்கணும்னா 0.3 சதவீத பிவிபி (பார்ட்டிகிள்ஸ் ஒட்டாம காக்குற பாலிமர்) சில சொட்டு சேருங்க. சிட்ரேட்லயே வெள்ளி வேணும்னா 1982ல லீயும் மெய்சலும் போட்ட முறை, 90 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட் 500 மில்லி தண்ணில கொதிக்கும்போது 1 சதவீத சிட்ரேட் 10 மில்லி விட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடணும், பச்சை கலந்த மஞ்சளா வரும், சைஸும் வடிவமும் கலவையாத்தான் இருக்கும், ராமன் சிக்னல் பெருக்கறதுக்கு அது பிரமாதம், மத்ததுக்கு வேண்டாம்.

இலைச் சாறு வெச்சு பண்றவங்களுக்கும் சொல்றேன், இந்த ப்ராஜெக்ட் நிறைய பேர் எடுக்கறாங்க. சாறுல இருக்கிற பாலிஃபீனால் ரெட்யூஸ் பண்ணும், அது உண்மைதான், ஆனா இலை பறிச்ச நாள், காய வெச்ச விதம், கொதிக்க வெச்ச நேரம் எல்லாத்துக்கும் சாறு மாறும், அதனால ரிசல்ட்டும் மாறும். சாறே பழுப்பா இருக்கிறதால 400 பக்கம் அதுவே உறிஞ்சும், சாறு மட்டும் இருக்கிற ப்ளாங்க் எடுக்காம வெள்ளி பீக் வந்துருச்சுன்னு எழுதினா அது செல்லாது. சாறுல குளோரைடும் இருக்கும், எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே வெச்சு கிரிஸ்டல் எதுன்னு பாக்கிறது) சில்வர் குளோரைடு பீக் வந்தா அத நானோ வெள்ளின்னு சொல்லிடாதீங்க. முதல்ல சிட்ரேட் ஒரு பேட்ச் பண்ணி கையில வெச்சுக்கிட்டு, அதோட ஒப்பிட்டு சாறு வேலைய பண்ணுங்க, உங்க தீசிஸுக்கு அதுவே பெரிய பலம்.

பிளாட்டினம், பல்லேடியம் பத்தி சுருக்கமா. ரெண்டுமே பழுப்பு கருப்பாத்தான் வரும், தங்கம் மாதிரி கலர் பாத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, யூவி விஸ்ல உப்போட பீக் மறைஞ்சதா இல்லையான்னு மட்டும் தெரியும், மத்தது எல்லாம் டெம்தான். குளோரோ பிளாட்டினேட் உப்பு தூளா பறந்து மூக்குல போனா சிலருக்கு ஆஸ்துமா மாதிரி அலர்ஜி வந்துடும், ஒரு தடவை வந்தா அப்புறம் கொஞ்சம் பட்டாலும் வரும், அதனால ஹூட்ல மட்டும் எடை போடுங்க. காஞ்ச பல்லேடியம், பிளாட்டினம் தூள் மேல மெத்தனால் ஊத்தாதீங்க, தானா பத்திக்கும், எப்பவும் ஈரமாவே வைங்க.

கழுவி எடுக்கணும்னா சென்ட்ரிஃப்யூஜ். 13 நானோமீட்டருக்கு 13,000ல இருந்து 15,000 ஜி, அரை மணி நேரம், ஆர்பிஎம் இல்ல ஜி (புவியீர்ப்ப விட எத்தனை மடங்குன்னு), உங்க ரோட்டர் ரேடியஸ் வெச்சு மாத்திக்கோங்க. அடில வர்ற பெல்லட் எண்ணெய் துளி மாதிரி அசையணும், மைக்ரோ பிப்பெட்ல தொட்டா கலையணும். கெட்டியா கருப்பா ட்யூப் சுவர்ல ஒட்டியிருந்தா அது செத்துப்போச்சு, சோனிகேட் பண்ணாலும் திரும்பாது. மறுபடி கரைக்க வெறும் தண்ணி வேண்டாம், 2 மில்லிமோலார் சிட்ரேட் எடுங்க, ரெண்டு மூணு தடவை வெறும் தண்ணில கழுவினா மேல இருக்கிற சிட்ரேட் போய் எல்லாம் கட்டிப்போயிடும்.

வைக்கிறது 4 டிகிரில, வெளிச்சம் படாம. ஃப்ரீசர்ல வெச்சுடாதீங்க, ஐஸ் ஆகும்போது பார்ட்டிகிள்ஸ் எல்லாம் நெருக்கப்பட்டு ஒட்டிக்கும், உருகினாலும் சிவப்பு திரும்பாது. தங்கம் ஒழுங்கா வெச்சா மாசக் கணக்குல இருக்கும், ஃபாரடே 1857 காலத்துல பண்ணின தங்கக் கூழ்மத்தோட பாட்டில்கள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல இன்னும் இருக்கு. வெள்ளி அப்படி இல்ல, காத்துல இருக்கிற ஆக்சிஜன் மெதுவா அத அரிச்சு அயனா வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், அதனால எக்ஸ்பெரிமென்ட் பண்ற அன்னிக்கு காலைல யூவி விஸ் எடுத்து பழைய கோடோட ஒப்பிட்டுட்டு ஆரம்பிங்க. பாட்டில் மேல தேதி, சிட்ரேட் தங்கம் விகிதம், பீக், 400ல அப்சார்பன்ஸ் நாலையும் எழுதுங்க, வெறுமனே தங்க நானோன்னு எழுதின பாட்டில் அடுத்தவங்களுக்கு எதுக்கும் உதவாது.

மிச்சத்த சிங்க்ல ஊத்தக் கூடாது. தங்கத்துக்கு ஒரு கேன், வெள்ளிக்கு ஒரு கேன், தனித்தனியா வைங்க, தங்கக் கழிவுல உப்பு போட்டா கட்டிப்போய் அடில இறங்கிடும், அத சேர்த்து வெச்சு திரும்ப எடுக்கலாம். ரெண்டு கேன்லயும் அமோனியா மட்டும் சேரவே கூடாது. சில்வர் உப்போட அமோனியா சேர்ந்து நின்னா காலப்போக்குல ஃபுல்மினேட்டிங் சில்வர் உருவாகும், தங்க உப்போட சேர்ந்தா ஃபுல்மினேட்டிங் கோல்ட், ரெண்டுமே காஞ்ச நிலைல லேசா தட்டினாலே வெடிக்கும். பக்கத்து பெஞ்ச்ல டாலன்ஸ் டெஸ்ட் (சில்வர் நைட்ரேட்டும் அமோனியாவும் சேர்த்துப் பண்றது) பண்றவங்க நல்ல எண்ணத்துல வெள்ளிக் கழிவுதானேன்னு உங்க கேன்ல ஊத்திட்டு போக வாய்ப்பு இருக்கு, அதனால கேன் மேல பெருசா சிவப்பு மார்க்கர்ல அமோனியா ஊத்தாதீங்கன்னு எழுதி ஒட்டிடுங்க, டாலன்ஸ் பண்றவங்க கிட்ட நேர்லயும் போய் சொல்லிடுங்க.